மக்களைத் தேடிச் சென்ற பல்கலைக்கழகம்



கல்லூரி என்றதும் நம் மனக்கண்முன் எழுவது ஓர் உயர்ந்த கட்டடமும் அதன் முன்னே ஒரு பெரிய வாயிலுமாகும். அந்த வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் சிலர். வெளியே நிற்போர் பலர். உள்ளே செல்வோர் பாடம் கேட்கின்றனர், தேர்வு எழுதுகின்றனர், பட்டம் பெறுகின்றனர், பிறகு வேலையை நாடி வேறு ஊர்களுக்குச் சென்றுவிடுகின்றனர். வெளியே நிற்கும் உழவரும் மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் அக்கல்லூரியினால் அடையும் பயன் யாது? அவர்கள் உழைப்பும் அவர்கள் அளித்த காணிக்கையும் கலந்து எழுந்ததன்றோ அந்தக் கட்டடம்?

இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. கேட்டதோடு அமையாமல் விடையையும் தேடிப் புறப்பட்டது. கானடா நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாகாணத்தில், அன்டிகொனிஷ் என்ற சிற்றூரில் அமைந்துள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகமே அது. அதன் விரிவுப் பணித்துறையின் வரலாற்றை உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயர் தமிழருக்குப் புதியதன்று. அந்தப் புனித சவேரியாரே 1542-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் ஊர்களில் நடந்து பணியாற்றியவர். மீனவரிடையே வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய கல்லூரி, பல கடல்களுக்கு அப்பால் வேறொரு மீனவ மக்களுக்குத் துணை நிற்க நேர்ந்தது பொருத்தமான நிகழ்ச்சியே.

நோவா ஸ்கோஷியா பெரும்பாலும் கடலால் சூழப்பட்ட நிலம். அதன் கிழக்குப் பகுதியில் குடியேறியவர் பெரும்பாலும் ஸ்காத்லாந்து மலைநாட்டினர், ஐரிஷ் மக்கள், அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு மொழியினர் ஆகியோர். இவர்களுட் பலர் கத்தோலிக்கர். இவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காக 1853-இல் ஆரிஷாட் என்னும் ஊரில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து அது அன்டிகொனிஷுக்கு மாற்றப்பட்டது. 1866-இல் பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது. குருக்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவந்தனர்.

ஆனால் கல்லூரி வளர வளர, ஊர்கள் தேய்ந்தன. கரையோர மீனவன் தன் வலைக்கும் கயிற்றுக்கும், மாவுக்கும் உப்புக்கும் உள்ளூர் வணிகரிடமே கடன்பட்டான். பிடித்த மீனை அந்த வணிகரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், கையில் காசு மிஞ்சாது. கணக்கேட்டில் கடன் மட்டும் மிஞ்சும். உழவன் நிலத்தின் வருவாய் குடும்பத்துக்குப் போதவில்லை. கேப் பிரெட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவன் கம்பெனியின் வீட்டில் குடியிருந்து, கம்பெனியின் கடையில் பொருள் வாங்கி, கம்பெனிக்கே கடனாளியாக இருந்தான். இந்நிலையைப் பொறாத இளைஞர் பல்லாயிரவர் பாஸ்டன் முதலிய அமெரிக்க நகரங்களுக்குப் பெயர்ந்து சென்றனர்.

இங்கேதான் கல்லூரியின் மனச்சாட்சி விழித்தது. கிராமத்தில் அறிவும் ஊக்கமும் மிக்க பையன் ஒருவன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஊரிலேயே இருந்தால் நாளை அவ்வூருக்குத் தலைவனாகக்கூடும். கல்லூரி அவனைத் தேர்ந்தெடுக்கிறது, கல்வி தருகிறது, பட்டமும் தருகிறது. அவன் நகரத்துக்குச் செல்கின்றான். அவனுக்கு நன்மை விளைந்தது; ஆனால் ஊர் தன் தலைவனை இழந்தது. ஒருவனை உயர்த்தும் கல்வி ஊரையே வறுமையாக்குமாயின், அதனை முழுமையான கல்வி என்று எவ்வாறு கூறுவது? இவ்வாறு சிந்தித்தவர்களுள் முதல்வர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்னும் குருவானவர்.

1870-இல் கேப் பிரெட்டனின் மார்கரீ என்னும் பகுதியில் பிறந்த டாம்ப்கின்ஸ் அடிகளார், அப்பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர். சிறிய உருவம், ஓயாத சுறுசுறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஏதேனும் ஒரு சிறு நூலோ துண்டுப் பிரசுரமோ இருக்கும். வழியில் காண்போர் கையில் அதனைத் திணித்து, அடுத்த முறை காணும்போது படித்தாயிற்றா என்று கேட்பது அவர் வழக்கம். மக்களுக்கு அறிவு வேண்டும் என்னும் பொருளில் அவர் எழுதிய சிறு பிரசுரம், கல்லூரி தன் கதவுகளை எல்லாருக்கும் திறத்தல் வேண்டும் என்று வாதாடியது.

1921-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அக்கதவு சிறிதே திறந்தது. "மக்கள் பள்ளி" என்ற பெயரில் உழவரும் தொழிலாளரும் ஏறத்தாழ ஐம்பது பேர் அன்டிகொனிஷில் கூடினர். நுழைவுத் தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. கணிதம், மொழி, வேளாண்மை, மேடைப் பேச்சு முதலியவற்றைப் பல்கலைக்கழக ஆசிரியர்களே கற்பித்தனர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதர் வாழ்க்கை அனுபவத்தோடு வகுப்பில் அமர்ந்தபோது, ஆசிரியர்களும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டனர்.

ஆயினும் டாம்ப்கின்ஸ் அடிகளார் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருக்க முடியவில்லை. அம்மாகாணங்களில் இருந்த சிறு சிறு பல்கலைக்கழகங்கள் யாவும் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒன்றாக இணைய வேண்டும் என்ற திட்டம் ஒன்று அப்போது எழுந்தது. அவர் அதனை வலியுறுத்தினார். ஆயரோ அதனை ஏற்கவில்லை. கருத்து வேற்றுமை முற்றியது. 1922-இன் இறுதியில் அவர் கான்சோ என்னும் கடலோர ஊருக்குப் பங்குக் குருவாக மாற்றப்பட்டார். கல்லூரியின் துணைத் தலைவர், ஏழை மீனவர் வாழும் மூலைக்கு அனுப்பப்பட்டார். காண்போர் அதனைத் தண்டனை என்றே எண்ணினர்.

அதுவரை நூல்களின் வாயிலாக அறிந்த வறுமையை, அவர் அங்கே அண்டை வீட்டில் கண்டார். மீனவர் வீடுகளுக்குச் சென்றார்; படகுத் துறையில் நின்றார்; உங்கள் மீனுக்கு நகரத்தில் என்ன விலை, உங்களுக்குக் கிடைப்பது என்ன, இடையில் உள்ளது எங்கே போகிறது என்று கேட்டார். விடையை அவர் சொல்லவில்லை. மீண்டும் மீண்டும் வினாவையே எழுப்பினார்.

1927-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். கானடா கூட்டாட்சி தோன்றி அறுபது ஆண்டுகள் நிறைந்த விழாவை நாடெங்கும் கொண்டாடினர். கான்சோ மீனவர்களோ, கொண்டாடுவதற்கு நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பொதுக்கூட்டம் கூடினர். தம் குறைகளை எடுத்துரைத்தனர். செய்தித்தாள்கள் அவர்கள் குரலை நாட்டுக்குக் கொண்டு சென்றன. அரசு மீன்பிடித் தொழிலைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் முன் தோன்றி மீனவருக்காகப் பேசியவர்களுள் ஒருவர் மோசஸ் கோடி அடிகளார்.

கோடி என்னும் பெயர் நம் செவிக்கு ஓர் எண்ணை நினைவூட்டும். உருவத்திலும் அவர் பெரியவர். நெடிய தோற்றமும் மலையருவி போன்ற குரலும் உடையவர். 1882-இல் பிறந்த அவர் டாம்ப்கின்ஸ் அடிகளாரின் உறவினர்; உரோமையில் பயின்றவர்; பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர். 1928-இல் பல்கலைக்கழகம் விரிவுப் பணித்துறையைத் தொடங்கி அவரையே அதன் இயக்குநராக்கியது. ஸ்காத்லாந்து வழியினரான கத்தோலிக்கர் சங்கத்தினர் அப்பணிக்குப் பொருள் திரட்ட முன்வந்ததும் இம்முடிவுக்கு ஒரு காரணமாகும். கோடி அடிகளார் முதலில் சில மாதங்கள் அமெரிக்காவிலும் கானடாவிலும் சுற்றி, முதியோர் கல்வி எவ்வாறு நடைபெறுகின்றது என்று கண்டறிந்தார். அதன்பின் கரையோரமாக ஊர் ஊராகச் சென்று மீனவர்களை ஒன்றுசேர்த்தார். 1930-இல் ஐக்கிய கடலோர மீனவர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே விரிவுப் பணித்துறையின் வேலையும் முழு வேகத்தில் தொடங்கிற்று.

நண்பர்களே, அவர்கள் கையாண்ட முறையை நீங்கள் நன்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஏனெனில் அதில் எந்த மந்திரமும் இல்லை. எந்த ஊரிலும் செய்யத்தக்கது அது.

முதலில் ஊர் முழுவதும் ஒரு பொதுக்கூட்டத்துக்கு அழைக்கப்படும். விரிவுப் பணித்துறையினர் ஒருவர் வந்து பேசுவார். அவர் ஆறுதல் மொழி கூறுவதில்லை, இனாமும் அறிவிப்பதில்லை. உங்கள் நிலைக்கு நீங்களும் ஒருவகையில் பொறுப்பாளிகள். நீங்கள் சிந்திக்காததை உங்களுக்காகப் பிறர் சிந்திக்கின்றனர் என்று எடுத்துரைப்பார். கேட்போர் உள்ளம் கலங்கும். கலங்கிய உள்ளத்தை அப்படியே விட்டுச் செல்லாமல், கூட்டத்தை சிறு சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டே அவர் விடைபெறுவார்.

அக்குழுக்களுக்குப் படிப்பு வட்டங்கள் என்று பெயர். பத்துப் பேருக்கு உட்பட்ட அண்டை வீட்டார் வாரம் ஒரு நாள் மாலையில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடுவர். குளிர்காலத்தில் அந்நாட்டு வீடுகளில் அடுப்பு எரியும் அறையே கதகதப்பான அறை. ஆகவே அதுவே வகுப்பறையாயிற்று. தலைவர் ஒருவர் இருப்பார். அவர் பேராசிரியர் அல்லர், அவர்களுள் ஒருவரே. பல்கலைக்கழகத்திலிருந்து எளிய நடையில் எழுதப்பட்ட சிறு ஏடுகள் வரும். இரவல் நூல்களும் வரும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்பார். பிறகு எல்லாரும் விவாதிப்பர். பல வட்டங்கள் அவ்வப்போது ஒருங்கே கூடித் தாம் கண்டவற்றைப் பகிர்ந்துகொள்ளும். தலைவர்களுக்கெனப் பல்கலைக்கழகத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெற்றன. 1938-ஆம் ஆண்டளவில் இத்தகைய வட்டங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தன.

அவர்கள் எதைப் படித்தனர்? இலக்கியத்தையோ தத்துவத்தையோ முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. மீன் விலை, வட்டிக் கணக்கு, கடைச் சாமான், நிலத்தின் உரம் ஆகியவற்றையே படித்தனர். கல்வி, மனிதன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது கோடி அடிகளாரின் கொள்கை. பசித்தவனுக்குப் பொருளாதாரமே முதற்பாடம்; ஆனால் அதுவே இறுதிப் பாடம் அன்று. நிறைவான வாழ்வே முடிவான குறிக்கோள் என்பதையும் அவர் மறவாமல் வலியுறுத்தினார்.

படித்ததோடு நின்றிருந்தால் அது பொழுதுபோக்காய் முடிந்திருக்கும். ஒவ்வொரு வட்டமும் படிப்பின் முடிவில் ஒரு செயலில் இறங்க வேண்டும் என்பது எழுதாத விதி. கான்சோவுக்கு அருகிலுள்ள லிட்டில் டோவர் என்பது பாறை நிறைந்த ஒரு சிறு மீனவர் குடியிருப்பு. அப்பகுதியிலேயே மிக்க வறுமையுற்றது. அங்குள்ளோர், நாம் பிடிக்கும் சிங்கி இறாலை நாமே டப்பாவில் அடைத்து விற்றால் என்ன என்று எண்ணினர். தாமே மரம் வெட்டினர். தாமே தொழிற்சாலைக் கட்டடத்தை எழுப்பினர். அத்தொழிற்சாலை நடைபெற்றது, அவர்கள் சரக்குக்கு நல்ல விலையும் வந்தது. கரையோரத்தில் மற்ற ஊர்களும் அதனைப் பின்பற்றின.

அடுத்து எழுந்தவை கூட்டுறவு நாணயச் சங்கங்கள். ஏழைகள் தம் சில்லறைக் காசுகளைச் சேர்த்து, தமக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து வாங்கும் அமைப்பு அது. 1932-இல் நோவா ஸ்கோஷியாவில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தச் சட்டத்தின் பின்னணியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். சென்னை மாகாண அரசுக்காக பிரெடெரிக் நிக்கல்சன் என்பவர் 1895-லும் 1897-லும் வேளாண்மைக் கடன் பற்றிய அறிக்கையை அளித்தார். ஜெர்மனியில் இராய்பைசன் கண்ட கிராமக் கடன் சங்க முறையை அவர் அதில் பரிந்துரைத்தார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907-இல் பாஸ்டன் நகர வணிகரான எட்வர்டு பைலீன் உலகப் பயணத்தின்போது இந்தியாவுக்கு வந்து, அச்சட்டத்தின்கீழ் இயங்கிய கிராமச் சங்கங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தார். தம் நாடு திரும்பி அமெரிக்காவில் நாணயச் சங்க இயக்கத்துக்குப் பெரும் பொருள் அளித்து ஊக்கினார். அவரால் அப்பணிக்கு அமர்த்தப்பட்ட ராய் பெர்கென்கிரென் என்பவரே நோவா ஸ்கோஷியாவில் சட்டம் உருவாகத் துணை நின்றவர். நம் கிராமங்களில் மூண்ட சிறு சுடர் ஒன்று கடல் கடந்து அங்கே விளக்கேற்ற உதவியது.

சுரங்கத் தொழிலாளரும் பின்தங்கவில்லை. 1935-இல் டாம்ப்கின்ஸ் அடிகளார் கேப் பிரெட்டனில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊருக்குப் பங்குக் குருவானார். சென்ற சிறிது காலத்திலேயே மக்களுக்காக ஒரு நூல்நிலையத்தைத் திறந்தார். அவ்வூர்த் தொழிலாளர் சிலர் தமக்குச் சொந்த வீடு வேண்டும் என்னும் ஆவலால் ஒரு படிப்பு வட்டம் அமைத்தனர். வீடு கட்டும் செலவு, அரசுக் கடன், நில அளவை, கணக்கு எழுதுதல் ஆகியவற்றை மாதக் கணக்கில் படித்தனர். நியூயார்க்கிலிருந்து வந்த மேரி ஆர்னால்டு என்னும் கூட்டுறவு அறிஞர் அவர்களுக்கு வழிகாட்டினார். சுரங்கத்தில் வேலை முடிந்து வந்தபின் தாமே செங்கல்லும் மரமும் சுமந்து 1938-இல் பதினொரு வீடுகளை எழுப்பி முடித்தனர். அக்குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயரிட்டனர். பங்குக் குருவின் பேரால் ஊருக்குப் பெயர் வந்தது. ஆனால் வீடுகள் அவர் அளித்த கொடை அல்ல என்பதே அதன் பெருமை.

இப்பணியில் பெண்களின் தொண்டையும் நாம் மறத்தலாகாது. புனித மார்த்தா சபைச் சகோதரியரும் ஆசிரியப் பெண்மணிகளும் சிறு ஏடுகளை எழுதினர். இரவல் நூல்களைக் கட்டி அனுப்பினர். மகளிர் வட்டங்களை நடத்தினர். பெரிய மேடைகளில் அவர்கள் பெயர் அதிகம் ஒலிக்கவில்லை. ஆயினும் அந்தப் பணியாளர் இல்லையேல் இயக்கம் நாளும் நடந்திராது. வானொலிக்கும் இதில் இடமுண்டு. 1943-இல் அன்டிகொனிஷில் ஒரு வானொலி நிலையம் தொடங்கி, முதியோர் கல்வியை வீடுதோறும் கொண்டு சென்றது. வானொலியின் வாயிலாக இப்பேச்சைக் கேட்கும் உங்களுக்கு இது தனி மகிழ்ச்சி தரும்.

இவ்விடத்தில் உங்களுள் ஒருவர் ஐயம் ஒன்று எழுப்பலாம்: "மறையுரை ஆற்ற வேண்டிய குருவானவர் மீன் விலையைப் பற்றிப் பேசுவானேன்? சமயக் கல்லூரிக்கும் டப்பாத் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பு?" நல்ல கேள்வி. அந்நாளிலும் பலர் இதைக் கேட்டனர். 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலையைப் பற்றி விடுத்த சுற்றுமடலும், 1931-இல் பதினோராம் பத்திநாதர் விடுத்த மற்றொரு மடலும் சமுதாய நீதியைச் சமயக் கடமையாகவே எடுத்துக் காட்டியிருந்தன. அன்டிகொனிஷ் குருக்கள் அவற்றை வெறும் ஏட்டுச் சொற்களாகக் கருதவில்லை. ஒவ்வொரு மனிதனும் இறைவனின் சாயல் என்று நம்புவோமாயின், அம்மனிதன் கடன் ஏட்டுக்கு அடிமையாக இருப்பதைக் கண்டும் வாளா இருத்தல் நம்பிக்கையாகுமோ என்று அவர்கள் வினவினர்.

ஆயினும் அவர்கள் நம்பிக்கை பிறரைத் தள்ளி நிறுத்தவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சேரச் சமயம் கேட்கப்படவில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் வகுத்த நெறிப்படி, உறுப்பினர் யாவருக்கும் ஒரே வாக்கு. சமயத்தாலும் கட்சியாலும் வேற்றுமை இல்லை. புராடஸ்டண்டு சபைப் போதகர்களும் இப்பணியில் தோள் கொடுத்தனர். வறுமைக்கு ஒரு சமயமும் செழுமைக்கு வேறொரு சமயமும் இல்லை என்பதை மீனவர் தாமே கண்டுகொண்டனர். சமயச் சார்புள்ள ஒரு நிலையம் பொதுமக்கள் நிலையமாகவும் விளங்கக்கூடும் என்பதற்கு இது சிறந்த சான்று.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, அங்கே வறுமை அடியோடு அழிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வரலாற்றைப் பாதி சொல்லுதல் மாணவருக்கு நன்மை பயப்பதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் படிப்பு வட்டங்கள் குறைந்தன. பெரிய கப்பல்களும் பெரிய நிறுவனங்களும் பெருகியபோது சிறு தொழிற்சாலைகள் பல அவற்றோடு போட்டியிட இயலாமல் மூடப்பட்டன. கூட்டுறவுக் கடைகள் சில மறைந்தன, சில இணைந்தன. கேப் பிரெட்டனில் அரசு நடத்திய கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1992-இலும் 1993-இலும், மீன்வளம் அருகியதால் அட்லாண்டிக் கரையின் பல பகுதிகளில் காட் மீன் பிடிப்பதையே கானடா அரசு நிறுத்த நேர்ந்தது. இளைஞர் ஊரைவிட்டுச் செல்வதும் ஓய்ந்துவிடவில்லை.

அப்படியாயின் அம்முயற்சி வீணாயிற்றா? இல்லை. கூட்டுறவு நாணயச் சங்கங்கள் நிலைபெற்றன. அவை அம்மாகாண மக்களின் வாழ்வில் இன்றும் பங்கு பெறுகின்றன. வட்டார நூல்நிலையங்கள் நிலைபெற்றன. அவற்றினும் பெரியது ஒன்றுண்டு. வணிகர் முன் தலை குனிந்து நின்ற மீனவன் கணக்கைப் படித்தான், கூட்டத்தில் எழுந்து பேசினான், தான் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையின் இயக்குநர் குழுவில் அமர்ந்தான். தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டிருக்கலாம். ஆனால் நிமிர்ந்த தலை மீண்டும் குனிவதில்லை.

கோடி அடிகளார் 1939-இல் தம் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் தம் விதிக்குத் தாமே தலைவர் ஆதல் வேண்டும் என்பது அந்நூற் பெயரின் பொருள். அந்நூலாலும் பார்வையாளர்களாலும் அன்டிகொனிஷின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பலர் அங்கே கற்கச் சென்றனர். 1959-இல் அவர் மறைந்த சில மாதங்களில், பல்கலைக்கழகம் அவர் பெயரால் ஓர் அனைத்துலக நிலையத்தை நிறுவியது. சமுதாயப் பணியாளர்க்குப் பயிற்சி தரும் அந்நிலையத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தோர் பயின்றுள்ளனர். இந்தியரும் அவர்களுள் உண்டு. அங்கே பயில்வோர், தத்தம் ஊர் மக்களிடம் இல்லாதவற்றைப் பட்டியலிடுவதற்கு முன், அவர்களிடம் உள்ள திறனையும் பொருளையும் உறவையும் முதலில் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்கின்றனர். பத்துப் பேர் சமையலறையில் கூடி, நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டதன் தொடர்ச்சியே இது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது?

ஊரை விட்டுச் செல்லாதீர்கள் என்று நான் கூற வரவில்லை. அறிவு தேடி எங்கும் செல்லலாம்; செல்லவும் வேண்டும். டாம்ப்கின்ஸ் அடிகளாரும் கோடி அடிகளாரும் கடல் கடந்து கற்றவர்களே. ஆனால் அவர்கள் கற்றது ஊரை மறப்பதற்காக அன்று. கல்வியைத் தனி ஒருவன் தப்பிச் செல்லும் வழியாக மட்டும் கருதினால், தப்பிச் செல்ல இயலாதவர் என்றும் அங்கேயே கிடப்பர். பின்னே நிற்பவரின் வாழ்வையும் மாற்ற வல்லதாயின், அப்போதுதான் கல்வி தன் கடமையை முடித்ததாகும்.

இரண்டாவது, சேவை என்றதும் நாம் கொடுப்பதையே நினைக்கின்றோம். பழைய ஆடையைக் கொடுக்கின்றோம்; ஒரு நாள் தெருவைப் பெருக்குகின்றோம்; மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றோம். அவையும் நல்லனவே. ஆயினும் அன்டிகொனிஷ் மக்கள் கொடுத்தது வினா. நீங்கள் ஏன் ஏழையாக இருக்கிறீர்கள் என்று கேட்டு, விடையை அவர்களே காணும்வரை உடனிருந்தனர். பொருளைக் கொடுப்பது எளிது; உடனிருப்பது அரிது. ஒரு குளிர்காலம் முழுவதும் வாரந்தோறும் ஒரே வீட்டுக்குச் சென்று, மெல்லப் படிப்பவரோடு சேர்ந்து மெல்லப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். அதனைக் கற்பிக்கும் பாடநூல் எதுவும் இல்லை.

மூன்றாவது, மாணவராகிய நீங்கள் படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் வெளியே ஒரு பயன் காத்திருக்கிறது. கணக்குப் பதிவியல் படிப்போரே, உங்கள் தெருவில் உள்ள மகளிர் சங்கத்தின் கணக்கேட்டை எழுத உதவ இயலாதா? வேதியியல் படிப்போரே, உங்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து அறிய இயலாதா? சட்டம் படிப்போரே, கடன் பத்திரத்தில் கைநாட்டு இடும் முதியவருக்கு அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட இயலாதா? இதற்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பத்துப் பேர் கூடும் ஒரு திண்ணை போதும்.

கல்லூரியின் வாயில் உள்ளே செல்வதற்கு மட்டும் அமைந்ததன்று. அறிவு வெளியே செல்வதற்கும் அதுவே வழி. அடுத்த முறை உங்கள் கல்லூரி வாயிலைக் கடந்து வெளியே வரும்போது, கையில் உள்ள புத்தகத்தை மூடிவிடாதீர்கள். எதிரே நிற்பவர் யார் என்று நோக்குங்கள். அவருக்கு அதில் படித்துக் காட்டத்தக்கது ஏதேனும் இருக்கும்.